நவ்ஷாத்தின் மிஷின் ஓடாத சீசன்

நவ்ஷாத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் வந்து, "ஒரு மனுசனைப் பத்திச் சொல்றப்ப இப்படியா வயித்தெரிச்சலோட சொல்லுவீக?" என்று என்னிடம் கேட்கக்கூடாது. ஆமாம், வயிற்றெரிச்சல்தான். ஒன்பது வருஷ வயிற்றெரிச்சல். டாக்டரிடம் காட்டினேன். காரத்தைக் குறைக்கச் சொன்னார். எதிர்ப்பக்கத்துப் பிரஸ்ஸைக் குறைக்க அவரிடம் மாத்திரை இல்லை.

என் பெயர் அழகுராஜா. சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கிறேன். தினமும் காலையில் ஒரு தாளைக் கிழித்து, ராகு காலம் பார்த்துவிட்டுக் கசக்கிப் போடுகிறீர்களே, அதுதான். என் பிரஸ்ஸின் பெயரும் அழகுராஜா காலண்டர்ஸ்தான். தெருவில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் என் போர்டு தெரியும். வலது கைப்பக்கம் நவ்ஷாத்தின் போர்டு. அவனுடையது என்னுடையதைவிட ஒரு முழம் பெரிசு. அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

அவன் விருதுநகர்க்காரன். அவனுடைய அத்தா அசன் முகம்மது, விருதுநகரில் வத்தல் தரகு பார்த்தவர். இவனுக்குப் படிப்பு ஏறவில்லை. இருபத்துமூன்று வயதில் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, உங்க ஆல்பத்தைக் குடுங்க, கேரளாப் பக்கம் கொண்டு போறேன்" என்று நின்றான். ஆல்பம் என்றால் காலண்டர் படங்களையெல்லாம் நம்பர் போட்டுத் தைத்த மாதிரிப் புத்தகம். ஏஜெண்ட் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். கடைக்காரர் ஒரு நம்பரைக் காட்டுவார். அடியில் அவர் கடைப் பெயரைப் போட்டு நாங்கள் அடித்து அனுப்புவோம். கொடுத்தேன். நான் கொடுத்த ஆல்பத்தில்தான் அவன் பிழைப்பு ஆரம்பித்தது. இதை அவனும் மறுக்கமாட்டான். எல்லாரிடமும் சொல்லுவான். மறுத்திருந்தால் நன்றி கெட்டவன் என்று திட்டவாவது எனக்கு வழி இருந்திருக்கும்.

நாலு சீசன் என்னிடம் இருந்தான். அதற்குள் மலையாளம் பேசக் கற்றுக்கொண்டான். டீக்கடை, சலூன், தையல் கடை என்று யாரும் எட்டிப் பார்க்காத இடங்களுக்கெல்லாம் போய் ஐம்பது ஐம்பதாக ஆர்டர் பிடித்து வருவான். எனக்கோ ஐந்நூறுக்குக் கீழே ஆர்டர் எடுப்பது கௌரவக் குறைச்சல்.

"ஏலே, அம்பது காலண்டருக்கு மிஷினை ஓட்டச் சொல்றியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்றேன்.

"இருபது கடைக்கும் ஒரே படம்தானே அண்ணாச்சி? படத்தை ஆயிரமா அடிச்சிட்டு, கடைப் பேரை மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக்கிடலாம். அம்பது காலண்டர் வாங்குறவர் விலையில ரொம்பக் கறார் பண்ண மாட்டாரு. தன் கடைப் பேரு செவுத்துல தொங்குனாப் போதும்பாரு."

"தொழிலை எனக்கே சொல்லித் தர்றியாலே? போய் வேலையைப் பாரு" என்று விரட்டினேன். அவன் போய் வேலையைப் பார்த்தான். எதிரிலேயே ஒரு பழைய மிஷினை வாங்கிப் போட்டு, நான் வேண்டாம் என்று தள்ளிய அந்த டீக்கடைகளையும் சலூன்களையும் வைத்தே முளைத்துவிட்டான்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு. காலையில் பிரஸ்ஸைத் திறந்தால் முதலில் அவன் வாசலைத்தான் பார்ப்பேன். எத்தனை பைக் நிற்கிறது, எந்த ஊர் நம்பர் என்று. அவன் சிரித்தால் எனக்கு ஆகாது. அவன் வெள்ளைச் சட்டை போட்டால் ஆகாது. நாற்பது வயதை நெருங்கிவிட்டான், தலையில் ஒரு முடி கொட்டவில்லை. அதுவும் ஆகாது. பெருநாளைக்கு அவன் அம்மா ஆசியா பீவி பெரிய தூக்கில் பிரியாணி கொடுத்துவிடுவார். என் வீட்டில் கற்பகவல்லியும் மகளும் போட்டி போட்டுச் சாப்பிடுவார்கள். நானும் சாப்பிடுவேன். கறி வேகவில்லை, உப்புக் கூடிவிட்டது என்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாயாக மென்று பார்ப்பேன். ஒரு குறையும் இருக்காது. அந்த எரிச்சலிலேயே இன்னொரு தட்டு வாங்குவேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம்.

எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்து ஆல்பத்தை வெளியே விடுவோம். அன்றைக்கு விலை சொன்னால் அதுதான் சீசன் முழுக்க. அதற்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் பகுதிக் காலண்டர்காரர்கள் பதினெட்டுப் பேரை ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டினேன். கூட்டினது நான்தான். சாப்பாட்டுச் செலவும் என்னுடையதே. "தாள் விலை ஏறிப்போச்சு. கூலி ஏறிப்போச்சு. நம்மளே ஒருத்தர ஒருத்தர் அடிச்சு விலையைக் கெடுக்கக் கூடாது. நடுத்தரக் காலண்டர் முப்பத்தெட்டு ரூபாய். ஒருத்தரும் அதுக்குக் கீழ போகக்கூடாது" என்று பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். நவ்ஷாத் கடைசி வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆடிப் பதினெட்டு. அவன் ஆல்பத்தில் அதே அளவு, அதே தாள். விலை முப்பத்தைந்து.

தெருவிலேயே பிடித்துக்கொண்டேன். "ஏன் தம்பி, அன்னைக்குத் தலையாட்டிட்டு இன்னைக்கு இப்படிப் பண்ணலாமா?"

"நான் தலையாட்டலையே அண்ணாச்சி" என்றான். "எங்க அத்தா வத்தல் யாவாரத்துல எம்புட்டோ பார்த்தவுக. எல்லாரும் கூடி உக்காந்து ஒரு விலையைக் கட்டுனா, வாங்குறவுக சும்மா இருப்பாகளா? காலண்டரே வேண்டாம், செல்போன்ல தேதி பார்த்துக்கிடுதேன்னு போயிருவாக. எனக்கு முப்பத்தஞ்சு கட்டுபடியாகுது. அம்புட்டுத்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. மறுநாள் என் ஏஜெண்டுகளைக் கூப்பிட்டு என் விலையைச் சொன்னேன். இருபத்தொன்பது. தீர்மானம் போட்டவனே தீர்மானத்தை மிதித்தான் என்று மற்ற பதினேழு பேரும் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும். எனக்கு அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

என் மகள் ரோஷினி பி.காம் முடித்துவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள். பில், வரி, கம்ப்யூட்டர் எல்லாம் அவள் கையில். விலையைக் கேட்டதும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நமக்கு அடக்கமே முப்பத்திரண்டு ஆகுது. ஒவ்வொரு காலண்டருக்கும் மூணு ரூவா நம்ம கையைவிட்டுப் போகும்."

"போகட்டும். நம்ம விலைக்கு அவனால இறங்க முடியாது. தீபாவளிக்குள்ள மிஷினை நிறுத்திருவான். பொங்கலுக்குள்ள போர்டைக் கழட்டிருவான். அப்புறம் இந்தத் தெருவுல நான் வச்சதுதான் விலை."

"அதுக்கு முன்னால நம்ம போர்டு கழண்டுட்டா?"

கேள்வி சரிதான். நாலு கலர் மிஷின் ஒன்றைப் பழசாக வாங்குவதற்குப் பத்து வருஷமாகச் சேர்த்த பணம் இருந்தது. அது ஒரு சீசன் நஷ்டத்தைத் தாங்கும். அவன் அதற்குள் மூடாவிட்டால், நான் மூட வேண்டியதுதான். முப்பத்தோரு வருஷப் பிரஸ் போய்விடும். தெரிந்துதான் இறங்கினேன். கற்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "பொறாமை பிடிச்ச மனுசன்கிட்ட என்னையக் கட்டிக் குடுத்துட்டாகளே" என்று அடுப்படியில் பாத்திரத்தோடு பேசினாள்.

ஆர்டர் கொட்டியது. இருபத்தொன்பது ரூபாய்க்கு அந்த மாதிரிக் காலண்டர் எவன் கொடுப்பான்? நவ்ஷாத்தின் ஆட்களாக இருந்த ராஜபாளையம், சாத்தூர்க் கடைக்காரர்கள் எல்லாரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பாலக்காட்டிலிருந்து ஒரு ஸ்டேஷனரி கம்பெனி. கடைப் பெயர் போடாமல் வெறும் காலண்டராக வேண்டுமாம், பெயரை அவர்களே போட்டுக்கொள்வார்களாம். முதலில் பத்தாயிரம் கேட்டார்கள். அப்புறம் இன்னும் இருபதாயிரம். அப்புறம் முப்பதாயிரம். அதிலும் என் ஆல்பத்தில் பதினேழாம் நம்பர் மயில் படம்தான் அதிகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பில்லெல்லாம் ரோஷினி பார்த்துக்கொண்டாள். நான் மாடி ஜன்னலில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன்.

புரட்டாசி பாதியில் அவன் மிஷின் நின்றது.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? எங்கள் தெருவில் பகலெல்லாம் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் பக்கத்துச் சத்தம் மட்டும் இல்லாமல் போனதும் காது குளிர்ந்தது. பிரஸ்ஸில் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

தீபாவளி நெருங்கினால் எங்கள் பக்கம் பைண்டிங்குக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பட்டாசுக் கம்பெனி வேன் வாசலுக்கே வந்து கூடுதல் கூலி கொடுத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் நவ்ஷாத்திடம் வேலை பார்த்த ஆறு பெண்களைக் கூலி கூட்டிப் பேசி இழுத்தேன். எம். புதுப்பட்டி பத்திரகாளிதான் அவர்களுக்குத் தலைவி. காலண்டர் தலையில் தகரப் பட்டி அடிப்பதில் அவள் கை வேகம் யாருக்கும் வராது.

"என்ன பத்திரகாளி, உங்க முதலாளிக்கு ரொம்ப வருத்தமா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"வருத்தமா? அவுகதான் எங்களைப் போகச் சொன்னாக. 'அண்ணாச்சி பாவம், ஆள் இல்லாமத் தவிக்காக, அங்கன போங்க'ன்னாக" என்றாள்.

பாவமாம்! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோற்றவன் தோற்ற மாதிரி இருக்க வேண்டாமா? முகம் வாட வேண்டாமா? இவன் மிஷினை நிறுத்திவிட்டு, காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பைக்கில் ஜம்மென்று கிளம்பிப் போகிறான். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வருகிறான். ஒருநாள் வாசலில் நின்று கேட்டே விட்டேன்.

"என்ன தம்பி, மிஷின் சத்தத்தையே காணோம்?"

"அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல அண்ணாச்சி. நல்லா இருக்கீகளா? மெலிஞ்சு போயிட்டீகளே, நேரத்துக்குச் சாப்பிடுங்க."

என் பக்கம் நிலைமை வேறு. தாள் விலை ஏறியது. இழுத்து வந்த ஆட்களுக்குக் கூடுதல் கூலி. பத்து வருஷச் சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. விற்க விற்க நஷ்டம். ஓடுவது என் மிஷின், பெருப்பது அவன் வீடு. ஆமாம், வீடு! தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் அவன் வீட்டுக்கு மேலே இரண்டாவது மாடிக்குச் செங்கல் வந்து இறங்கியது. மிஷின் ஓடவில்லை, ஆர்டர் இல்லை, மாடி மட்டும் ஏறுகிறது. எப்படி?

எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. எங்கேயோ வெம்பக்கோட்டைப் பக்கம் ஒளித்து மிஷின் போட்டிருக்கிறான். பில் போடாமல், வரி கட்டாமல் அடித்து விற்கிறான். தோன்றியதும் அதுவே உண்மை என்று முடிவு பண்ணிவிட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

மொட்டைக் கடிதாசி எழுதினேன். ஒளிப்பானேன், எழுதினேன். ஒரு மத்தியானம், ரோஷினி சாப்பிடப் போன நேரத்தில், மேஜையில் கிடந்த வெட்டுத் தாள் ஒன்றை எடுத்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதி, வரி ஆபீசுக்குத் தபாலில் போட்டேன். இன்ன தெருவில் இன்னார் பில் இல்லாமல் லட்சக்கணக்கில் காலண்டர் விற்கிறார், உடனே சோதனை போடவும், இப்படிக்கு நாட்டுப்பற்றுள்ள குடிமகன். எங்கள் ஊரில் பிரஸ் வைத்திருக்கிற எவனும் எழுதுவதற்குத் தாள் விலை கொடுத்து வாங்கமாட்டான். அச்சடித்து ஓரம் வெட்டின கழிவுத் தாளின் பின்பக்கம்தான் எங்களுக்கு எல்லாமே. பலசரக்குச் சீட்டு, பால் கணக்கு, கல்யாணச் செலவு, எல்லாம் அதில்தான். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போனது. தாளை ஏன் திருப்பிப் பார்க்கவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு நவ்ஷாத் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு அம்மாவும் ஒரு சாரும் இறங்கி உள்ளே போனார்கள். நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை. டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். மத்தியானச் சாப்பாட்டையும் ஜன்னலுக்கே கொண்டுவரச் சொன்னேன். கற்பகவல்லி முடியாது என்றுவிட்டாள். பசியோடு நின்றேன். அப்படி ஒரு நல்ல பசி வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மூன்று மணிக்கு அவர்கள் வெளியே வந்தார்கள். பின்னால் நவ்ஷாத், கையில் ஒரு ஃபைலோடு. ஜீப்பில் ஏறவில்லை. தெருவைக் குறுக்கே கடந்து நேராக என் பிரஸ்ஸுக்குள் வந்தார்கள்.

"அழகுராஜா யாரு?" என்றார் அந்த அம்மா.

"நான்தான். உக்காருங்க மேடம். காப்பி சாப்பிடுறீகளா?"

"பாலக்காட்டுக் கம்பெனிக்கு நீங்க அறுபதாயிரம் காலண்டர் சப்ளை பண்ணியிருக்கீங்க. அதோட பில்லெல்லாம் எடுங்க, சரிபார்க்கணும்."

"அது கேரளாப் பார்ட்டி மேடம். இவருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தக் கம்பெனி இவர் தங்கச்சி சுமைரா பேர்ல இருக்கு. இவரும் அதுல பங்குதாரர். உங்ககிட்ட வாங்கித்தான் அங்க விக்கிறாங்க. இவர்கிட்ட இருக்கிற பில்லும் உங்ககிட்ட இருக்கிற பில்லும் ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டுப் போயிருவோம்."

சுமைரா. அவள் நிக்காஹ்வுக்கு நான் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன். பாலக்காட்டில்தான் கட்டிக்கொடுத்தார்கள். தெருவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நாலு மாதமாகப் பாலக்காடு, பாலக்காடு என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லித் திரிந்த எனக்கு மட்டும் தோன்றவில்லை.

ரோஷினி பில்களை எடுத்து வைத்தாள். ஒரு காசு குறையவில்லை. அந்த அம்மா பார்த்து முடித்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஏதோ குறித்தார். என் கடிதாசி. குறித்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார். பின்பக்கம் பாதி மயில். கழுத்தும், கொண்டையும், தோகையில் ஒரு கைப்பிடியும். என் தலைக்கு மேலே சுவரில் முழு மயில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினேழாம் நம்பர்.

அந்த அம்மா கீழே பார்த்தார். சுவரைப் பார்த்தார். "அழகான மயில்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தாளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நவ்ஷாத் வாசல்படியில் நின்றிருந்தான். அவனும் பார்த்துவிட்டான். நான் ஒன்பது வருஷமாக ஏங்கியது நடந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அண்ணாச்சி என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டான். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று ரோஷினியைக் கேட்டேன்.

"ரெண்டாவது பில்லு போடுறப்பவே தெரியும். வரி நம்பரைப் போட்டுத் தேடுனா ஆள் பேரு வந்துருதுல்ல. சுமைரா அக்காவுக்கு நானே போன் பண்ணினேன்."

"போன் பண்ணி?"

"இருபத்தொன்பதுக்கு இனி ஒண்ணு கூடத் தர முடியாது, முப்பத்தி மூணுன்னா எம்புட்டு வேணும்னாலும் தாரோம்னேன். அவுக அங்க நாப்பதுக்கு விக்காக. சரின்னு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிட்டாக. மத்த ஆர்டர் எல்லாத்துலயும் நீங்க விட்டதை அதை வச்சுத்தான் ஓரளவு கட்டுனேன். அந்த ஒரு பார்ட்டி இல்லைன்னா இந்தக் கார்த்திகையே நம்ம பிரஸ்ஸுக்குப் பூட்டு."

"என்கிட்ட ஏன் தாயி சொல்லலை?"

"சொன்னா லோடை நிறுத்திருப்பீக. நிறுத்திருக்க மாட்டீகளா?"

நிறுத்தியிருப்பேன். சத்தியமாக நிறுத்தியிருப்பேன். ஆக, அவன் மிஷின் நின்றது என்று நான் வடை வாங்கிக் கொடுத்தேனே, அந்த வடைக் காசும் அவன் கொடுத்ததுதான். அவன் தோற்கவும் இல்லை, நான் ஜெயிக்கவும் இல்லை. அவன் விலைக்கு வாங்கிய சரக்கை அடித்துக் கொடுக்கும் கூலிக்காரனாக நான் நாலு மாதம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சேமிப்பு போயிருந்தது. அடுத்த சீசனுக்கு அவன் ஆர்டர் இல்லாவிட்டால் பிரஸ் நிற்காது. அந்த ஆர்டரின் மேல்தான் நான் என் கையாலேயே மொட்டைக் கடிதாசியைத் தூக்கிப் போட்டிருந்தேன்.

மார்கழி பத்தாம் தேதி வாக்கில் அவனே வந்தான். ரோஷினிதான் வரச் சொல்லியிருந்தாள் என்று அப்புறம் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தே பேசினான்.

"உங்ககிட்டதான் நான் தொழில் கத்துக்கிட்டேன் அண்ணாச்சி. நீங்க விலையைக் குறைச்சீக. அது போட்டி. எனக்கு அதுல ஒரு கோவமும் இல்லை. இங்கன சுத்துவட்டாரத்துல உங்க விலையோட மோதுனா ரெண்டு பேரும் அழிவோம்னுதான் மிஷினை நிறுத்துனேன். உங்க அச்சு என் அச்சைவிடச் சுத்தம். எனக்கு விக்கத்தான் தெரியும். அதான் உங்ககிட்ட வாங்கி வித்தேன். ஆனா கடிதாசி போட்டீகளே, அது போட்டி இல்லை. எங்க அம்மா அந்த ஜீப்பைப் பார்த்துட்டு ரெண்டு நாள் சாப்பிடலை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அவ்வளவு நிதானமாகப் பேசுகிறானே என்றுதான் அந்த நேரத்திலும் எரிந்தது.

"அடுத்த சீசனுக்கு எழுபதாயிரம் வேணும். இங்கனயே அடிச்சிக்கிடலாம்" என்றான். "ஒரே ஒரு விசயம். பில்லுல உங்க பேரு இருக்கக் கூடாது. மொட்டைக் கடிதாசி போட்ட ஆளுகிட்டயே சரக்கு எடுக்கேன்னு தெரிஞ்சா வீட்டுல எனக்கு மரியாதை இல்லை. கம்பெனி ரோஷினி பேருக்கு மாறட்டும். நாளைக்கே ஆர்டர் தாரேன்."

என் பெயர். என் போர்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிற என் பெயர்.

ரோஷினி என்னைப் பார்க்கவே இல்லை. "விலை முப்பத்தஞ்சு" என்றாள்.

"என்னம்மா, போன தடவை முப்பத்தி மூணுதானே?"

"தாள் ஏறிருச்சு. அதோட, இனிமே இங்கன இருந்து கடிதாசி வராது. அதுக்கு ஒரு ரூவா."

நவ்ஷாத் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். "எனக்கும் ரெண்டு பயலுக இருக்கானுக. ரெண்டும் போன்ல கிரிக்கெட் ஆடிக்கிட்டுக் கெடக்கு" என்றான். அந்தப் பார்வை எனக்கா தெரியாது? பொறாமை. அந்த ஒரு தொழிலில் எனக்கு ஒன்பது வருஷ அனுபவம்.

ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு நிமிஷம்தான்.

ரோஷினி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். என் பெயரில் இருந்த வரிப் பதிவை ரத்து செய்வதற்கான விண்ணப்பத்தை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தாள். அவள் பெயரில் புதுப் பதிவும் தயாராக இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினாள். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்கப்பா. ஆறு நம்பர். மெதுவாச் சொல்லுங்க."

மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். நெற்றியில்தான் இருந்தது. போட்டுக்கொண்டேன். எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. "நாலு" என்றேன். அவள் தட்டினாள். "ஒண்ணு." தட்டினாள். "மறுபடி ஒண்ணு." மூன்றாவதுக்கு மேல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன்.

நவ்ஷாத் சத்தமில்லாமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான். நான் அழுவதை அவன் பார்க்கக்கூடாதாம். அந்த மரியாதை தெரிந்தவனாகவும் அவனே இருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மிச்சம் மூன்று நம்பரையும் சொல்லி முடித்தேன்.